பல துறைகளும் ஒரு தொழிலும்: கல்கியின் எழுத்து வாழ்க்கை

எழுத்தாளர் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் புகுந்து எழுதிவிட்டால் அவரைப்பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் எழுந்துவிடுகின்றன. எதைத் தொட்டாலும் துலங்கச் செய்யும் கைராசிக்காரர் என்று அன்பர்கள் கொண்டாடுவார்கள். ஒரே துறையில் ஊன்றி நின்றிருந்தால் எட்டியிருக்கக்கூடிய சிகரத்தைப் பல துறைகளில் அலைந்து கைநழுவ விட்டவர் என்று விமரிசகர்கள் வருந்துவார்கள். ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இயற்பெயர் ஏறக்குறைய மறைந்தே போகும்படி 'கல்கி' என்ற புனைபெயரால் புகழடைந்தவரைக் குறித்து, இவ்விரண்டு அபிப்பிராயங்களும் அவர் உயிரோடிருந்த காலத்திலேயே பலமாக வழங்கின. அவர் மறைந்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்பும் இரண்டில் எதுவும் வலுவிழந்துவிடவில்லை.

1923-ஆம் ஆண்டு ஒரு பத்திரிகையின் உதவியாசிரியராக அமர்ந்தது முதல் 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி காலமானது வரையில், சுமார் முப்பத்தொரு வருஷ காலத்தில் அவர் எழுதாத துறை இன்னது என்று சொல்வது எளிதன்று. மொழிபெயர்ப்பு, சிறுகதை, நகைச்சுவைக் கட்டுரை, தலையங்கம், சங்கீத விமரிசனம், நாடக சினிமா விமரிசனம், பிரயாணக் கட்டுரை, சமூக நாவல், சரித்திர நாவல், திரைக்கதை, இசைப்பாடல் என்று அந்த வரிசை நீள்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட சிறுகதைகளும், பல குறுநாவல்களும், பெரிய நாவல்களும், கணக்கெடுத்து முடியாத கட்டுரைகளும் அவர் விட்டுச் சென்ற செல்வம். இத்தனையும் எந்த முறையில், எந்த நிர்ப்பந்தத்தால், ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின? முன்னே பயின்ற துறை பின்னே வந்த துறைக்கு எதைக் கொடுத்தது? இவ்வளவு பரப்பினால் அவர் இழந்தது என்ன என்ற மூன்று வினாக்களை நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முன்னதாகவே சொல்லிவிடுவதானால், கல்கி துறை மாறிய எழுத்தாளரே அல்லர் என்பதும், பத்திரிகாசிரியர் என்ற ஒரே தொழிலை முப்பது வருஷம் இடைவிடாமல் செய்தவர் என்பதும், அத்தொழிலின் தேவைகளே அவருடைய துறைகளாக உருவெடுத்தன என்பதும், அவருடைய சிறப்புகளைப் போலவே குறைகளும் அதே மூலத்திலிருந்து பிறந்தவை என்பதுமே நமது கருத்து.

1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் கிராமத்தில், கணக்குப்பிள்ளை உத்தியோகம் பார்த்த ராமசுவாமி ஐயரின் புதல்வராகப் பிறந்தவர் அவர். காவிரியும் கொள்ளிடமும் பாயும் அந்த மருத நிலம் பிற்காலத்தில் அவருடைய கதைகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. திருச்சிராப்பள்ளித் தேசீயக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் இறுதி வகுப்புப் பரீட்சை நெருங்கிய சமயத்தில், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டு 1921-ல் படிப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டு ஒரு வருஷச் சிறைவாசம் பெற்றார். பட்டமும் உத்தியோகமும் இல்லாத ஓர் இளைஞருக்குப் பேச்சும் எழுத்துமே மூலதனமாயின என்பதையும், அந்த எழுத்து முதலிலிருந்தே ஒரு பொதுஜன இயக்கத்தின் கருவியாக இருந்தது என்பதையும் இங்கே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். யாருக்காக எழுதுகிறோம் என்ற சந்தேகம் அவருக்கு ஒருபோதும் உண்டானதில்லை. மேடையின்கீழே உட்கார்ந்து கேட்ட அதே ஜனங்களைத்தான் அவர் பின்பு வாசகர்களாகக் கண்டார்.

1923-ல் அவர் சேர்ந்த இடம், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் நடத்திய 'நவசக்தி'. இனிய தமிழ் நடைக்குப் பேர்போன ஓர் ஆசிரியரின் கீழே வேலை பழகியது பெரும் பாக்கியம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் சிஷ்யர் குருவின் நடையைப் பின்பற்றவில்லை. திரு. வி. க.வின் உரைநடை செந்தமிழின் கம்பீரத்தோடு சிறு சிறு வாக்கியங்களாக அடுக்கி நடந்தது. இளைய உதவியாசிரியரோ திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்ற ஒரு நடையைத் தமக்கென்று தேடிக்கொண்டிருந்தார். காந்தியடிகளின் சுயசரிதையைத் தமிழாக்கிய பணி இந்தத் தேட்டத்துக்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும். ஆடம்பரமில்லாத ஆங்கிலத்தில் வெளிவந்த ஒரு நூலை ஆடம்பரமில்லாத தமிழில் தருவதற்கு, வேண்டாத சொல்லை விலக்கும் பயிற்சி அல்லவா முதலில் தேவை? 1927-ல் ராஜாஜியின் முன்னுரையோடு வெளிவந்த 'சாரதையின் தந்திரம்' என்ற சிறுகதைத் தொகுதி அவருடைய முதல் புத்தகம். அதன் கதைகளில் கலை முதிர்ச்சி குறைவாக இருப்பினும், கேட்பவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சொல்லும் தோரணை அப்போதே படிந்துவிட்டது.

'நவசக்தி'யை விட்டு அவர் சென்ற அடுத்த இடம் திருச்செங்கோடு காந்தி ஆசிரமம். மதுவிலக்குப் பிரசாரத்துக்காக அங்கிருந்து ராஜாஜி நடத்திய 'விமோசனம்' என்ற பத்திரிகைக்கு அவர் துணை நின்றார். பிரசாரத்துக்காக எழுதும் கதை கலையாகாது என்ற வாதத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. ஆயினும் கள்ளுக்கடைக்குப் போகிறவனும், அவனுடைய மனைவியும், எழுத்தறியாதவர்களுக்குப் பத்திரிகையைப் படித்துக் காட்டுகிறவரும் ஒருங்கே புரிந்துகொள்ளும்படி கதை சொல்லவேண்டிய கட்டாயம் ஓர் எழுத்தாளருக்குக் கிடைப்பது அரிய வாய்ப்பு. நீதியைச் சொல்லாமல் விடவும் கூடாது, சொல்லிச் சலிப்பூட்டவும் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளுக்கு இடையே, சிரிப்பு மூட்டி அதன் மறைவில் கருத்தை நுழைக்கும் உபாயத்தை அவர் அந்த ஆசிரமத்தில் நன்றாகக் கற்றார் என்று கருத இடமுண்டு. விதவைகளின் தலையை மழிக்கும் வழக்கத்தின் கொடுமையைக் காட்டும் 'கேதாரியின் தாயார்' போன்ற பிற்காலக் கதைகளில் அந்தச் சீர்திருத்த நோக்கம் நகைச்சுவையைக் கைவிட்டுத் துயரமாகவே கனத்து நிற்கிறது.

இதற்கிடையே 1928-ல் எஸ். எஸ். வாசன் 'ஆனந்த விகட'னை ஏற்று நடத்தத் தொடங்கியிருந்தார். 'ஏட்டிக்குப் போட்டி' என்ற நகைச்சுவைக் கட்டுரையை 'கல்கி' என்ற பெயரில் அந்தப் பத்திரிகைக்கு அனுப்பிய நிகழ்ச்சியோடு, தமிழ்ப் பத்திரிகை உலகத்தில் ஒரு புதிய அத்தியாயமே ஆரம்பமாயிற்று. உப்பு சத்தியாக்கிரக காலத்தில் மீண்டும் சிறை சென்று வந்தபின், 1931-ல் அவர் 'விகட'னின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அடுத்த பத்து வருஷங்களே அவருடைய துறைகள் பல்கிப் பெருகிய காலம். இதற்குக் காரணத்தை அவருடைய சுபாவத்தில் மட்டும் தேடினால் போதாது. பத்திரிகையின் அமைப்பிலும் தேடவேண்டும். ஒரு வாரப் பத்திரிகைக்குத் தலையங்கம் வேண்டும், கதை வேண்டும், சிரிக்க வைக்கும் கட்டுரை வேண்டும், கச்சேரியையும் நாடகத்தையும் புதிதாக வந்த பேசும் படத்தையும் பற்றிச் சொல்ல ஒருவர் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வல்லுநர்கள் கிடைக்காத காலத்தில் ஆசிரியரே அத்தனை வேஷங்களையும் புனைந்துகொள்ள நேர்ந்தது. அவ்வேஷங்களுக்குத் தகுந்தபடி புனைபெயர்களும் பெருகின.

அப்பெயர்களுள் 'கர்நாடகம்' என்பது தனியாக ஆராயத்தக்கது. அந்தப் பெயரோடு அவர் எழுதிவந்த 'ஆடல் பாடல்' பகுதி, சங்கீத விமரிசனம் என்ற துறைக்குத் தமிழில் ஒரு ஜனரஞ்சகமான ஸ்தானத்தைத் தேடித் தந்தது. ராக லட்சணங்களையும் தாளக் கணக்குகளையும் பரிபாஷைச் சொற்களால் அடுக்கும் சாஸ்திரியாக அவர் பேசவில்லை. சபையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகராகவே பேசினார். பாடகர் எங்கே உள்ளத்தை உருக்கினார், எங்கே பொறுமையைச் சோதித்தார், பக்க வாத்தியம் எங்கே துணை செய்தது, எங்கே அமுக்கியது என்பதையெல்லாம், கச்சேரியே கேட்டிராத வாசகரும் கேட்டதுபோல் உணரும்படி எழுதினார். வித்துவான்கள் சிலருக்கு அந்த எழுத்து மனத்தாங்கலை உண்டாக்கியிருக்கக் கூடும். ஆனால் சங்கீதத்தைப்பற்றி அபிப்பிராயம் சொல்லச் சாமானியனுக்கும் உரிமை உண்டு என்ற தைரியத்தை அது தமிழர்களுக்குக் கொடுத்தது. 1941-ல் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, ராஜாஜி, டி. கே. சி. முதலியோரோடு கல்கியும் அதன் முன்னணியில் நின்றதற்கு இப்பத்தாண்டுப் பயிற்சியே அடிப்படை. பாட்டின் பொருள் கேட்பவருக்கு விளங்கவேண்டும் என்ற அந்த இயக்கத்தின் கோரிக்கையும், எழுத்தின் பொருள் படிப்பவருக்கு விளங்கவேண்டும் என்ற அவருடைய பத்திரிகைக் கொள்கையும் ஒரே கொள்கையின் இரண்டு முகங்கள்.

வாராவாரம் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தில் ஓர் அபாயமும் உண்டு. பாரதியாரை உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கலாமா என்பது பற்றி 1930-களின் நடுவில் நடந்த விவாதத்தில், அவ்வாறு வைக்கலாகாது என்ற கட்சியைக் கல்கி எடுத்துக்கொண்டார். அதற்கு மறுப்பாகக் கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய கட்டுரைகள் 'கண்ணன் என் கவி' என்ற நூலாயின. காலத்தின் தீர்ப்பு எதிர்க்கட்சிக்கே அநுகூலமாயிற்று. எனினும், பாரதியின் நினைவுக்காக எட்டயபுரத்தில் ஒரு மண்டபம் எழவேண்டும் என்று பத்திரிகை வாயிலாக ஜனங்களிடம் நிதி திரட்டி, 1947-ல் அது திறக்கப்படும்படி முன்னின்று உழைத்தவரும் இதே கல்கிதான். விமரிசகராக அவர் அவசரப்பட்டிருக்கலாம். பத்திரிகாசிரியராகத் தமிழ் மக்களின் உள்ளம் எங்கே இருக்கிறது என்பதை உணர அவர் தவறவில்லை.

நாவல் துறைக்கு அவர் வந்தது 1937-ல், 'கள்வனின் காதலி' தொடர்கதையோடு. கொள்ளிடக் கரைப் படுகைகளில் ஒளிந்து திரியும் முத்தையனையும், அவனை மறக்கமுடியாத கல்யாணியையும் வைத்து எழுதிய அக்கதையில், நாவலின் விஸ்தாரத்தைக் காட்டிலும் தொடர்கதையின் வித்தையே மேலோங்கி நிற்கிறது. ஒவ்வொரு வாரமும் ஓர் அத்தியாயத்துக்குள் ஒரு நிகழ்ச்சியை நடத்தி, ஒரு பாத்திரத்தைப் பேசவைத்து, ஒரு சந்தேகத்தைக் கிளப்பி, வாசகரை அடுத்த வாரத்துக்குக் காக்கவைக்கும் அந்த வித்தை, சிறுகதையில் கட்டுக்கோப்பையும் நகைச்சுவைக் கட்டுரையில் சரளத்தையும் பழகியிருந்தவருக்கு எளிதில் கைவந்தது. அடுத்து வந்த 'தியாக பூமி' இன்னும் ஒரு படி தாண்டியது. கே. சுப்பிரமணியம் படமாக எடுத்துக்கொண்டிருந்த கதை, அப்படத்தின் காட்சிகளோடு 1938-39-ல் 'விகட'னில் தொடராகவும் வெளிவந்தது. தீண்டாமையை எதிர்க்கும் சம்பு சாஸ்திரியும், தன்னைத் துறந்த கணவன் பின்னர் உரிமை கொண்டாடி வரும்போது அவனோடு வாழ மறுத்துத் தேச சேவையில் இறங்கும் சாவித்திரியும் அக்கால சமூகத்தை ஓர் உலுக்கு உலுக்கினார்கள். படத்தை ஆங்கில சர்க்கார் பின்னர் தடை செய்ததிலிருந்தே அதன் வேகத்தை ஊகிக்கலாம்.

1941-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபடும் பொருட்டு 'விகட'னை விட்டு விலகிச் சிறை சென்று மீண்ட அவர், பழைய சிறைத் தோழரான டி. சதாசிவத்தோடு சேர்ந்து அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் 'கல்கி' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து எம். எஸ். சுப்புலட்சுமி பெற்ற ஊதியமே அப்பத்திரிகைக்கு முதலாயிற்று என்பது பலரும் அறிந்த செய்தி. பிறருடைய பத்திரிகையின் ஆசிரியர் தம் சொந்தப் பத்திரிகையின் ஆசிரியரான இந்தத் திருப்பத்தில்தான் சரித்திர நாவல் பிறந்தது என்பது தற்செயலன்று. புதிய பத்திரிகை நிலைபெற வேண்டுமானால், வாசகர்களை வாராவாரம் கட்டி இழுக்கக்கூடிய ஒரு புதுமை தேவைப்பட்டது. யுத்த காலக் கெடுபிடியில் நிகழ்கால அரசியலை விரும்பியபடி எழுத முடியாத நிலையில், சுதந்திர தாகத்தைப் பழங்காலப் போர்வையில் எழுதுவது சாத்தியமாயிருந்தது. பல்லவச் சக்கரவர்த்திக்குக் கப்பம் கட்டமாட்டேன் என்று போர்க்களத்தில் உயிர் விடும் சோழ மன்னன் பார்த்திபனின் கதை 1941 முதல் 1943 வரை வெளிவந்தபோது, அதன் உட்பொருளை வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல எவரும் தேவைப்படவில்லை.

தமிழில் சரித்திர நாவலை முதன்முதலாக எழுதியவர் கல்கி என்று சிலர் எழுதுவதுண்டு, அது சரியன்று. திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப் பிள்ளை 'மோகனாங்கி'யை 1895-லேயே வெளியிட்டுவிட்டார். கல்கி செய்தது வேறு: கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் ஆராய்ச்சியாளர்களின் பாதுகாப்பில் இருந்த சரித்திரத்தைக் குடும்பங்களின் பொதுச் சொத்தாக்கினார். 1944 முதல் 1946 வரை வெளிவந்த 'சிவகாமியின் சபத'த்தில் இந்தப் பணி ஒரு தனி உயர்வை அடைகிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திர பல்லவருக்கும் வாதாபிப் புலிகேசிக்கும் நிகழ்ந்த பகைமையும், நரசிம்மவர்மன் வாதாபியை அழித்ததும் சரித்திரம். ஆயனச் சிற்பியும் அவர் மகள் சிவகாமியும் கற்பனை. ஆனால் நூலின் ஜீவன் கற்பனைப் பகுதியிலேதான் இருக்கிறது. சிவகாமியின் நாட்டிய அரங்கேற்றத்தை யுத்தச் செய்தி இடைமறிக்கும் ஆரம்பக் கட்டத்திலிருந்து, இறைவனையே நாயகனாக வரித்துக்கொள்ளும் முடிவு வரையில், அரச தர்மத்துக்கும் கலைக்கும் உள்ள போராட்டமே அந்நூலின் விஷயம். ஆடல் பாடலைப் பத்து வருஷம் சபையில் அமர்ந்து கவனித்து எழுதிய 'கர்நாடக'மும், 'வீணை பவானி', 'திருவழுந்தூர் சிவக்கொழுந்து' போன்ற சங்கீதக் கதைகளை எழுதிய சிறுகதாசிரியரும் இல்லாவிட்டால், சிவகாமி பிறந்திருக்கவே மாட்டாள் என்று துணிந்து சொல்லலாம்.

இதே காலத்தில் 'மீரா' படத்துக்கு வசனத்தோடு பாட்டும் எழுதினார். 'காற்றினிலே வரும் கீதம்' இன்றளவும் பாடப்படுகிறது. அதை எழுதியவர் ஒரு நாவலாசிரியர் என்பது பாடுகிறவர்கள் பலருக்குத் தெரியாது.

சுதந்திரம் வந்தபின் அவர் எடுத்துக்கொண்ட பெரிய முயற்சி 'அலை ஓசை'. 1934-ஆம் ஆண்டு பீகார் பூகம்பம் முதல் தேசப் பிரிவினையின் கொடுமைகள், காந்தியடிகளின் மறைவு வரையிலான காலத்தைச் சீதா, தாரிணி, சூர்யா, ராகவன் ஆகியோரின் வாழ்க்கை மூலமாகச் சொல்லும் இந்நாவல் 1948-49-ல் வெளிவந்தது. சரித்திர நாவலாசிரியர் தம் கண்முன் நடந்த சரித்திரத்தையே பொருளாகக் கொண்டார் என்றும், இத்தனை வருஷங்கள் தலையங்கங்களில் வாரந்தோறும் எழுதிவந்த அரசியலை ஒரு பெண்ணின் துயரமாக மாற்றிப் பார்த்தார் என்றும் இதைக் கருதலாம். 1956-ல் சாகித்திய அகாதமி பரிசு இந்நூலுக்குக் கிடைத்தபோது ஆசிரியர் உயிரோடில்லை. பரிசு பெற்ற நூலைக் காட்டிலும் பரிசு பெறாத 'பொன்னியின் செல்வ'னே மக்களின் மனத்தில் உயர்ந்த இடத்தைப் பெற்றது என்பது இலக்கிய உலகத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

1950-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆரம்பித்து 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை வருஷம் ஐந்து பாகங்களாக விரிந்த 'பொன்னியின் செல்வ'னில் அதுவரை அவர் பயின்ற துறைகள் யாவும் ஒன்றுகூடுகின்றன. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதாகத் தொடங்கும் முதல் அத்தியாயம், பிரயாணக் கட்டுரை எழுதிப் பழகிய கை எழுதியது. வீர சைவர்களோடு வாதுக்கு நிற்கும் ஆழ்வார்க்கடியான், 'ஏட்டிக்குப் போட்டி' எழுதிய நகைச்சுவையாளரின் செல்லப் பிள்ளை. பூங்குழலியின் பாட்டு பாடலாசிரியருடையது. கடம்பூர் மாளிகையின் சதியாலோசனை, அதிகாரப் போட்டிகளை அருகிலிருந்து பார்த்த அரசியல் எழுத்தாளருடையது. ஈழத்துக் காட்சிகளின் பின்னே இலங்கைக்குச் சென்று வந்தவரின் கண் இருக்கிறது. சரித்திர ஆதாரமோ மிகவும் மெல்லியது. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பதைத் தஞ்சைக் கோயில் கல்வெட்டு ஒரு குறிப்பாகவே சொல்கிறது. அநிருத்தப் பிரம்மராயரை அன்பில் செப்பேடு காட்டுகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்த செய்தி உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. இந்தச் சில சான்றுகளின்மீது அவ்வளவு பெரிய மாளிகையை எழுப்பியும், அதில் வாழ்ந்தவர்களை நேரில் அறிந்தவர்கள்போல் வாசகர்கள் பேசும்படி செய்தது சாதாரணக் காரியமன்று. மணியம் வரைந்த சித்திரங்களுக்கும் அந்த நெருக்கத்தை உண்டாக்கியதில் பங்குண்டு.

இனி எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்போம். 'மணிக்கொடி' பத்திரிகையின் வழிவந்த எழுத்தாளர்கள், அவர்களுள் முக்கியமாகப் புதுமைப்பித்தன், கல்கியின்மீது சாட்டிய குற்றங்கள் இரண்டு. மேனாட்டுக் கதைகளைத் தழுவி எழுதுகிறார் என்பது ஒன்று. வாசகனை மகிழ்விப்பதையே குறியாகக் கொண்டு வாழ்க்கையின் ஆழத்துக்குள் இறங்காமல் நின்றுவிடுகிறார் என்பது மற்றொன்று. முதல் குற்றச்சாட்டில் சிறுகதைகளைப் பொறுத்த மட்டில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பெரிய நாவல்களில் டூமாஸ், ஸ்காட் முதலியவர்களின் சாயை தென்பட்டாலும், மண்ணும் மனிதர்களும் பேச்சும் முற்றிலும் தமிழாகவே இருக்கின்றன. இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கனமானது. ஒற்றுமையான உருவங்கள், மாறுவேஷங்கள், எதிர்பாராத சந்திப்புகள் ஆகியவற்றை அவர் அளவுக்கு மீறிக் கையாண்டார். பாத்திரத்தின் மனத்தைக் காட்டவேண்டிய இடத்தில், வாசகரை நோக்கித் திரும்பித் தாமே பேசத் தொடங்கிவிடுவார். மௌனியோ கு. ப. ரா.வோ ஒரு பக்கத்தில் எட்டும் உள்ளத்தின் இருண்ட மூலைகளுக்குள் அவர் புகுந்ததில்லை. அடுத்த இதழுக்கு அத்தியாயம் கொடுத்தாக வேண்டிய அவசரத்தில், எழுதியதை அடித்துத் திருத்தும் அவகாசம் அவருக்கு அதிகம் கிடைத்திருக்காது. சிறுகதை என்ற கலைக்கு நேர்ந்த நஷ்டம் இது என்பதை அவருடைய அன்பர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஒரே துறையில் நின்றிருந்தால் இந்தக் குறை நீங்கியிருக்கும் என்ற அநுமானத்தை நாம் ஏற்பதற்கில்லை. பத்திரிகையை விட்டுவிட்டுத் தனியறையில் அமர்ந்து எழுதும் கிருஷ்ணமூர்த்தி, 'மணிக்கொடி'க்காரர்களில் ஒருவராக ஆகியிருப்பாரே தவிர, கல்கியாக ஆகியிருக்கமாட்டார். அவருடைய நாவல்களின் பலமெல்லாம் நாவலுக்கு வெளியே இருந்த துறைகளிலிருந்து வந்தது. மேலும், 'மணிக்கொடி' எழுத்தாளர்களின் நுட்பத்தைப் பின்னாளில் ரசிக்கக்கூடிய ஒரு பெரிய வாசகர் கூட்டம் தமிழ்நாட்டில் உண்டானதற்கு, வாரந்தோறும் லட்சக்கணக்கான வீடுகளில் படிக்கும் பழக்கத்தை வேரூன்றச் செய்தவர்களின் தொண்டும் ஒரு காரணம். அவர்களுள் முதல்வர் கல்கி. ஆகவே, சிதறிய ஆற்றல் என்ற தீர்ப்பைத் தள்ளிவிட்டு, பல துறைகளில் சேமித்து நாவலில் செலவிட்ட ஆற்றல் என்ற தீர்ப்பை எழுதுவதே நியாயமாகும். ஐம்பத்தைந்தாம் வயதில் வந்த மரணம், 'அமரதாரா' என்ற நாவலைப் பாதியில் நிறுத்தியது. அதை முடித்தவர் அவருடைய புதல்வி ஆனந்தி.

வாசகர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தமிழக அரசு கல்கியின் நூல்களை நாட்டுடைமையாக்கியதால் யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம். சரித்திர நாவல்களுக்கு மலிவுப் பதிப்புகளும் உயர்ந்த பதிப்புகளும் ஏராளமாக வந்துவிட்டன. 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாகவும் வந்துவிட்டது. அவற்றின் ஊற்றாக இருந்த கட்டுரைகளையும் விமரிசனங்களையும் தலையங்கங்களையும் கால வரிசைப்படுத்தி, எந்தப் பத்திரிகையில், எந்தப் பெயரில், எந்த ஆண்டில் வெளிவந்தவை என்ற குறிப்புகளோடு முழுமையாகப் பதிப்பிப்பதே இனி நடக்கவேண்டிய காரியம். 'பொன்னியின் செல்வ'னை ஏழெட்டு முறை படித்து முடித்த அன்பர்கள், அடுத்த முறை அதை எடுப்பதற்குமுன் 'ஆடல் பாடல்' கட்டுரைகளில் பத்தையாவது படித்துப் பார்க்கட்டும்.